மூன்றாம் மாடியில் நின்ற கேள்வி

தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் கொக்கி என்பவன் கேட்ட ஒரு கேள்வி, பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி நடைவழியில், தீவிர சிகிச்சை அறைக் கதவுக்கு எதிரே, பல வருடங்கள் நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரம் இருக்கும். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அங்கே எதுவோ நிற்கிறது என்பது நடந்து வருகிறவர்களின் உடம்புக்குத் தெரிந்துவிடும். கவனிக்காமல் அதன்மேல் மோதியவர்களின் சட்டைக் கையில் உமித்தூசி ஒட்டியது, நாலைந்து தும்மல் வந்தது, காதுக்குள் "மை வைஃப்! வேர்! டெல்!" என்று ஒரு கத்தல் விழுந்தது. முதலில் மின்சார வேலைக்காரர்களை வரவழைத்து ஒயர்களைப் பார்த்தார்கள். பிறகு மருந்துப் புகை போட்டார்கள். பிறகு சுவருக்குப் புதுச் சாயம் பூசினார்கள். இரண்டு காவலாளிகள் அதைக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்ததில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, அதே ஆஸ்பத்திரியில் படுக்கை போடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தானாக இடது பக்கம் ஒதுங்கிப் போகப் பழகினார்கள். தரை துடைக்கிற அம்மாள் அதைச் சுற்றித் துடைத்தாள். நோயாளிகளோடு வந்தவர்கள் கைப்பையை அதன்மேல் சாய்த்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்வந்தார்கள்.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு மூட்டையில் கொக்கியை மாட்டினால் அதை இடம் சேர்க்காமல் விடமாட்டான் என்று கிடங்கில் வைத்த பெயர். அங்கே மேலே இருந்தவர்கள் எல்லாம் இங்கிலீஷ்காரர்கள்; கீழே இருந்தவர்கள் எல்லாம் தமிழ் பேசும் கூலிக்காரர்கள்; நடுவில் மேஸ்திரி. மேலேயிருந்து கீழே வந்த இங்கிலீஷ் இரண்டு கை விரலில் அடங்கிவிடும்: லிஃப்ட், டிராப், ஸ்டாப், கம், சிட், வேர், டெல், ஹேய் யூ. இந்த வார்த்தைகள் எல்லாமே கத்தலாகவே காதில் விழுந்ததால், இங்கிலீஷ் என்பதே கத்திப் பேசவேண்டிய பாஷை என்றும், எவ்வளவு சத்தமோ அவ்வளவு சுத்தம் என்றும் கூலிக்காரர்கள் நம்பினார்கள். பெரிய மனிதர்களிடம் பேசும்போது மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக் கத்தினார்கள். ஒருமுறை முதலாளி கிடங்கைப் பார்க்க வந்தபோது, அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்று, "கம்! சிட்!" என்று ஒரே குரலில் போட்ட போட்டில் அந்த மனிதர் காருக்குள் ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இவ்வளவு மரியாதை கொடுத்தும் ஏன் ஓடினார் என்று இவர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

அவன் மனைவிக்கும் அதே கிடங்கில்தான் வேலை. நிரம்பிய மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைப்பாள். அவள் தைத்ததை அவன் தூக்குவான். பிள்ளை குட்டி இல்லை. குடியிருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. வரிசையின் கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அதன் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சரிசெய்யவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஒருவரும் செய்யவில்லை. அதனால் விடியற்காலையில் அவள் குளிக்கப் போனால், அவன் தோளில் துண்டோடு கதவுக்கு வெளியே காவல் நிற்பான். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பிறகு, "நிக்கிறீங்களா?" என்று குரல் வரும். "நிக்கிறேன்" என்பான். அடுத்த சொம்பு. மறுபடி, "நிக்கிறீங்களா?" மறுபடி, "நிக்கிறேன்." குளித்து முடித்து வெளியே வருகிறவரை இது நடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பல் தேய்த்துக்கொண்டே கேலி பண்ணுவான்.

"என்னப்பா கொக்கி, உன் சம்சாரம் குளிக்கிறாளா, இல்ல உனக்கு ஆஜர் எடுக்கிறாளா?"

"நீயும் ஒருநாள் ஆஜர் குடுத்துப் பாரு. அப்பவாவது உன் வீட்டுல உனக்கு நேரத்துக்குச் சோறு விழுதான்னு பாப்போம்."

கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாக அவன் பதில் சொல்லாமல் இருந்துவிட்டான். அவள் இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. முகத்தில் சோப்பு நுரையோடு, ஈரப் புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்; அவன் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "எது வேணா விளையாடுங்க, இது வேணாம். நான் கேட்டுப் பதில் வரலன்னா, எனக்கு உலகத்துலயே ஆள் இல்லாத மாதிரி ஆயிடுது" என்றாள். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட, போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவுப் பக்கம் போய் நின்று ஆஜர் கொடுத்தான்.

உமித்தூசி யாரையும் விடுவதில்லை. அவளுக்குத்தான் முதலில் நெஞ்சில் இறங்கியது. ஒருநாள் காலையில், தைத்துக்கொண்டிருந்த மூட்டையின் மேலேயே சாய்ந்தாள். கோணி ஊசி விரலிடுக்கில் அப்படியே இருந்தது. லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் மாடியில் இரட்டைக் கதவுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் கூடவே ஓடினான். "பயப்படாத. நான் இங்கதான் நிப்பேன்" என்றான். அவள் இமையை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள். கதவு சாத்தியது.

அவன் நின்றான். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் இருந்தார்களே தவிர அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் இல்லை. கடைசியில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் வெளியே வந்தபோது, கையைக் கட்டித் தலையைக் குனிந்து, தனக்குத் தெரிந்த அத்தனை மரியாதையையும் தொண்டையில் திரட்டி, "மை வைஃப்! வேர்! டெல்!" என்று கத்தினான். அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மரியாதை போதவில்லையோ என்று அவன் இன்னும் கூட்டினான். காவலாளிகள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து மரியாதை கொடுத்தான். கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையைப்போல் மாடிப்படி வழியே இறக்கிக் கொண்டுபோய், வாசல் இரும்புக் கதவுக்கு வெளியே போட்டுச் சாத்திவிட்டார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு போனது ஆளை மட்டும்தான் என்பதையும், கேட்ட கேள்வி மேலேயே நின்றுவிட்டதையும் அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே விட்டபோது அவள் போய்ச் சேர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

செத்துப்போனாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மூச்சு நின்றால் சாவு; இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. புரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கதவுக்குள் கிடந்தபோது அவள் "நிக்கிறீங்களா?" என்று கேட்டாளா? கேட்டிருந்தால், பதில் வராதபோது என்ன நினைத்துக்கொண்டு போனாள்? கிடங்கில் பாதி வழியில் மூட்டையோடு நின்றுவிடுவான். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். விடியற்காலையில் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவு வரை போய்விடுவான். உள்ளே யாராவது தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டால் "நிக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வரிசைப் பெண்கள் யாரும் அவனைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அவன் திரும்பிப் போகிறவரை காத்திருப்பார்கள்.

ஒருநாள் மேஸ்திரி அவனைக் கூப்பிட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்.

"ஏம்ப்பா, உன் கேள்வி ஒண்ணு ஆஸ்பத்திரியில நிக்குதாம். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"கேள்வியா? என்ன கேள்விங்க?"

"என்னக் கேட்டா? நீ விட்டுட்டு வந்ததாம். வழிய அடைச்சிட்டு நிக்குதாம்."

மேஸ்திரியோடு போனான். மூன்றாம் மாடி ஏறித் திரும்பினதும், கையால் தடவிப் பார்த்து, தன்னைப்போலவே வலது தோள் இறங்கியிருந்ததை வைத்து அது தன்னுடையதுதான் என்று தெரிந்துகொண்டான். அவ்வளவு சுத்தமான இடத்தில், தன் வியர்வை நாற்றத்தோடும் தூசியோடும் அது நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. முதுகு இருக்கும் என்று தோன்றிய இடத்தில் கையை வைத்து, "வா, போலாம்" என்றான். அசையவில்லை. "எல்லாரும் பாக்குறாங்க. வா." அசையவில்லை. தான் மூட்டையில் மாட்டின கொக்கியை விடமாட்டோம் என்பது அவனுக்கே தெரியும், மேலே கட்டாயப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரி மேலாளர் மேஸ்திரியிடம் பேசினார். இங்கே முறையாகக் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. இது முறையில்லாத கேள்வி, அதனால்தான் இப்படி நிற்கிறது. இந்த ஆள் இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்கக் கற்றுக்கொண்டு வரட்டும், பதில் கிடைக்கும், இதுவும் கிளம்பும் என்றார். மேஸ்திரி அதைத் தமிழில் சொன்னார். கொக்கிக்கு விளங்கவில்லை.

"மரியாதையாத்தாங்க கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேனே."

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறையில் மாலை நேரத்தில் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. டீச்சர் அவனைவிட ரொம்பச் சின்னவள். அவனுக்கு எந்தப் பாஷையிலும் எழுத்துத் தெரியாது. முதலில் எழுத்தைப் பிடிக்கவேண்டியிருந்தது. கொக்கி பிடித்த கையில் பென்சில் நிற்காது. பிடித்த பிடியில் முனை ஒடியும், சில நாள் பென்சிலே ஒடியும். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், மேலே எழுத்து எழுத்தாகச் சேர்த்து இழுத்துப் படிக்கிற சத்தம். இப்படியே மழைக்காலங்கள் போயின. கிடங்கில் பழைய தராசு போய்ப் புதுத் தராசு வந்தது. மேஸ்திரி வேலையிலிருந்து நின்று, ஒருநாள் இறந்தும்போனார். நடைவழியில் கேள்வி நின்றுகொண்டிருந்தது. கொக்கி எழுத்திலிருந்து வார்த்தைக்கும், வார்த்தையிலிருந்து கேள்விக்கும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தான்.

கேள்விக்கு வந்தபோது அவனுக்கு ஒன்று பிடிபடவில்லை. கேட்கவேண்டிய விஷயம் ஒரு பிடிதான். அதற்கு முன்னால் மன்னிக்கணும், தொந்தரவுக்கு வருத்தம், முடிந்தால், தயவுசெய்து என்று எதற்கு இத்தனை? சுற்றி வளைக்காமல் கேட்டால் என்ன? டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கேள்வியும் ஒரு சுமைதான் அண்ணா. இவ்வளவு நேரம் நீங்க தூக்கிட்டு வந்தத இன்னொருத்தர் முதுகுல இறக்குறீங்க." அவன் முகம் மாறியது. கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. முதுகைக் குனிந்து நிற்கிறவன்மேல் மூட்டையை வைப்பதற்கு முன்னால், வைக்கிறவன் அவன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தயாரா என்று அர்த்தம். அவன் "ம்" என்ற பிறகுதான் வைக்கவேண்டும். தட்டாமல் வைத்தால் இடுப்பு போய்விடும். எவ்வளவு அவசரத்திலும், எவ்வளவு கோபத்திலும் அந்தத் தட்டை யாரும் விட்டதில்லை. "அப்ப இந்த வார்த்தை எல்லாம் அந்த ரெண்டு தட்டுதானா?" என்று கேட்டான். தான் அன்றைக்குத் தட்டாமல் வைத்துவிட்டோம் என்பது அவனுக்கு அந்த நாற்காலியில் வைத்துத்தான் தெரிந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்ட அந்த நர்ஸின் முகம் ஞாபகம் வந்தது.

புத்தகத்தில் கேள்விகள் நிறைய இருந்தன. அவன் கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டு ஒருநாள் கையைத் தூக்கினான்.

"டீச்சர், இதுல ஸ்டேஷனுக்கு வழி கேக்குறான். மணி கேக்குறான். தபாலாபீஸ் எப்ப திறக்கும்னு கேக்குறான். செத்தவங்களப் பத்தி ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலயே?"

டீச்சர் புத்தகத்தை மூடினாள். "இல்ல அண்ணா. அத நாமதான் செய்யணும்" என்றாள்.

பல மாலைகள் உட்கார்ந்து செய்தார்கள். வகுப்பிலிருந்த எல்லாரும் ஒத்தாசை பண்ணினார்கள். 'ப்ளீஸ்' எங்கே வைப்பது என்பதில் அங்கே படித்த ஒரு சலூன்காரருக்கும் ஒரு சமையல்காரருக்கும் சண்டை வந்து இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. முடிவில் ஒன்று உருவானது: "எக்ஸ்க்யூஸ் மீ. ஐ ஆம் சாரி டு டிஸ்டர்ப் யூ. குட் யூ ப்ளீஸ் டெல் மீ, டிட் மை வைஃப் ஆஸ்க் ஃபார் மீ?" வார்த்தைகள் அவனுக்குச் சீக்கிரம் மனப்பாடமாகிவிட்டன. சத்தத்தைக் குறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறந்தாலே தெருக்கோடிக்குக் கேட்டது. கீழே சைக்கிள் கடைக்காரன் ஸ்பேனரைக் கீழே போட்டான். சலூன்காரர்தான் வழி சொன்னார். அவனைத் தன் கடை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் நுரையைப் பூசி, சவரக்கத்தியைத் தொண்டையில் வைத்து, "இப்பக் கேளு. அன்னிக்குக் கேட்ட மாதிரிக் கத்துனா நான் பொறுப்பில்ல" என்றார். அப்படித்தான் கொக்கிக்கு மெதுவாகப் பேச வந்தது. பிறகு கத்தி இல்லாமலும் வந்தது. கொஞ்ச நாளில் தமிழும் அப்படியே ஆகிப்போய், கிடங்கில் யாருக்கும் அவன் பேசுவது காதில் விழவில்லை.

துவைத்த சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். பழைய கேள்வியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தலைமை நர்ஸிடம், மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே இறங்கிய குரலில், செய்துவைத்த கேள்வியைக் கேட்டான். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டாள். அவன் கண்ணைப் பார்த்து, அதே அளவு மரியாதையோடு பதில் சொன்னாள். மிகவும் வருந்துவதாகவும், தான் பிறகு வேலைக்கு வந்தவள் என்றும், அன்றைக்கு இருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள் என்றும், தெரிந்துகொள்ள வழியில்லை என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அது நிஜப் பயம் இல்லை, மரியாதைக்குப் படுகிற பயம் என்று டீச்சர் முன்பே சொல்லிவைத்திருந்தாள். பதில் வந்ததும் அவனுடைய மரியாதையான கேள்வி, தூசி துரும்பு இல்லாமல் அங்கேயே கரைந்துபோனது. பழையது அப்படியே நின்றது. டாக்டர்களிடம் கேட்டான். மேலாளரிடம் கேட்டான், முன்பு சொன்ன மேலாளர் இல்லை, வேறொருவர். அத்தனை பேரும் மரியாதையோடு, தெரியாது என்றார்கள். முன்பு தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டார்கள், இப்போது வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை காலம் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. அதை எப்படிக் கேட்பது என்று வகுப்பில் செய்யவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது தரை துடைக்கிற அம்மாள் வாளியோடு எதிரே வந்தாள். வயதாகியிருந்தது. அவள் தாய்மொழி வேறு. அவனுக்கு அது தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. வாய் பழகிவிட்டதால், "எக்ஸ்க்யூஸ் மீ. ஐ ஆம் சாரி டு டிஸ்டர்ப் யூ" என்று அவளிடமும் ஆரம்பித்துவிட்டான். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவளிடம் யாரும் அதுவரை எதையும் கேட்டதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டதுதான் உண்டு. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முழுக் கேள்வியையும் காதுகொடுத்துக் கேட்டாள். அவளுடைய இங்கிலீஷும் நர்ஸுகள் பேசக் கேட்டுப் பொறுக்கியதுதான். இரண்டு பேருடைய அரைகுறை இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"வெளிய நிக்கிறது உன்னுதா?"

"என்னுதுதாம்மா."

"உள்ள ஒண்ணு இருக்கு. தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. உள்ளே, ஜன்னலோரப் படுக்கையில், தலையணைப் பக்கம் ஒரு குரல் இருக்கிறது என்றாள். மிஷின் சத்தம் என்று நர்ஸுகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே படுக்கிறவர்கள் வாயில் குழாயோடு கிடப்பவர்கள், அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? தான் கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைக்கும்போது கேட்டிருக்கிறாள். பொம்பளைக் குரல். என்ன பாஷை என்று தெரியவில்லை. ஆனால் கேள்விதான் என்று மட்டும் நிச்சயமாகச் சொன்னாள்.

"எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டுச் சும்மா இருக்குது. காத்திருக்கு. அப்பறம் திரும்பக் கேக்குது."

கொக்கி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஏறினான். இரட்டைக் கதவின் முன்னால் நின்று, உள்ளங்கையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினான். தலைமை நர்ஸ் திறந்தாள். செய்துவைத்த கேள்வி எதுவும் அவனுக்கு வாயில் வரவில்லை. வகுப்பின் முதல் நாளில், எழுத்துக்கும் முன்னால், அறைக்குள் வரும்போது சொல்லவேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த கேள்விதான் வந்தது. "மே ஐ கம் இன், ப்ளீஸ்?" என்றான். அந்த அம்மாள் அவனையும் அவனுக்குப் பின்னால் நின்ற வாளிக்காரியையும் பார்த்தாள். அந்த அறைக்குள் யாரையும் விடக்கூடாது என்பது விதி. காலுக்கு உறை மாட்டிவிட்டு, சீக்கிரம் வந்துவிடவேண்டும் என்று சொல்லி ஒதுங்கினாள்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு கிழவர் கண்மூடிக் கிடந்தார். கொக்கி கட்டிலின் பக்கத்தில் நின்றான். வெளியே இருந்ததைப்போல் இது நிற்கவில்லை, படுத்திருந்தது. தலையணை உயரத்தில், மூச்சுக்குத் தவிக்கிற குரலில், கூடவே லேசாகச் சணல் வாசனையோடு வந்தது.

"நிக்கிறீங்களா?"

அத்தனை வருடமும் அது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தொண்டை வரை வந்த கத்தலை, கழுத்தில் கத்தி இருப்பதுபோல் அவன் அடக்கினான். படுக்கை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நிக்கிறேன்" என்றான்.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் சத்தம் ஒன்றும் இல்லை. பிறகு, அவள் எப்போதும் கேட்பதைப்போலவே, "நிக்கிறீங்களா?" என்று மறுபடி வந்தது.

"நிக்கிறேம்மா. எங்கயும் போகல."

அது பொய். அவள் உயிரோடு கேட்ட அந்த நேரத்தில் அவனை வாசலுக்கு வெளியே போட்டிருந்தார்கள். பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, குரல் கொஞ்சம் தணிந்தது. கட்டிலில் கிடந்த கிழவரின் மூச்சுகூடச் சீராக வந்தது என்று வாளிக்காரி பிற்பாடு சொன்னாள்.

அவன் வெளியே வந்தபோது நடைவழியில் கேள்வி இல்லை. இருந்த இடத்தில், இரண்டு பாதம் அளவுக்கு உமித்தூசி தரையில் கிடந்தது. வாளிக்காரி மாப்பைத் தூக்கியவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்த்திக்கொண்டாள். கொக்கியே குனிந்து தோள் துண்டால் அதை ஒற்றி எடுத்து, முடிந்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் கேள்வி அப்படி ஒரு பதிலோடு தீர்கிறது இல்லை. குளித்து முடித்து வெளியே வருகிறவரை கேட்டுக்கொண்டிருப்பது அவள் வழக்கம். இனி அவள் வெளியே வரப்போவதில்லை. ஒரு பதிலுக்குச் சில நாள் அமைதியாக இருந்தாள். பிறகு மறுபடி ஆரம்பித்தாள். அதனால் ஒவ்வொரு விடுமுறை நாளும் கொக்கி துவைத்த சட்டையோடு வந்தான். இரண்டு தட்டுத் தட்டி, "மே ஐ கம் இன், ப்ளீஸ்?" என்று கேட்டு, காலுறை மாட்டி, உள்ளே போய், பதில் சொல்லிவிட்டு வந்தான். தலைமை நர்ஸ் ஒருமுறையும் மறுக்கவில்லை. அவனும் ஒருமுறையும் கேட்காமல் உள்ளே போகவில்லை. காவலாளிகள் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவளைப் பிடித்த தூசி அவனையும் பிடித்தது. மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்காரவேண்டியதாயிற்று. இனி ரொம்ப நாள் ஏறமுடியாது என்று தெரிந்ததும், அவன் தலைமை நர்ஸிடமும் வாளிக்காரியிடமும் ஒரு உதவி கேட்டான். மன்னிக்கணும், தொந்தரவுக்கு வருத்தம், முடிந்தால், தயவுசெய்து என்று எதையும் விடாமல்தான் கேட்டான். அவர்கள் "ம்" என்றார்கள். தனக்குப் பதிலாக அவளுக்குச் சொல்லவேண்டிய "நிக்கிறேன்" என்ற அந்த ஒரு வார்த்தையை அவர்கள் நாக்குக்குப் பழக்கிவிட்டான். தலைமை நர்ஸுக்கு அது சுலபத்தில் வரவில்லை. முதலில் உத்தரவு போடுகிற மாதிரிச் சொன்னாள். "அப்படி இல்லம்மா, இன்னும் மெதுவா" என்று, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, அவன் திருத்தினான். வாளிக்காரிக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. அந்த மழைக்காலம் முடியுமுன் கொக்கி இறந்துபோனான். வரிசை வீட்டுக்காரர்களும் வகுப்பில் படித்தவர்களும் தூக்கிப் போனார்கள். தூக்குவதற்கு முன்னால் கிடங்குக்காரன் ஒருவன் பாடையின் மூங்கிலில் இரண்டு தட்டுத் தட்டினான். யாரும் "ம்" என்று சொல்லாததால் கொஞ்ச நேரம் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் மாடியில் இப்போது இருக்கிறவர்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் காரணம் தெரியாமலே அந்த இடத்தில் இடது பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிற நர்ஸுகளுக்கு, மருந்து அலமாரிச் சாவி எங்கே தொங்குகிறது, எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று காட்டிக்கொடுக்கும்போது, ஜன்னலோரப் படுக்கையில் குரல் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், ஆளுக்கொரு பாஷை. அது எந்தப் பாஷை, என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் வரும். கை வேலையை நிறுத்தாமல், பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துவிடாதபடி, தணிந்த குரலில் "நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போகிறார்கள்.